நாலாவது தடவை தொடங்கலாமா?



சில மாதங்களுக்கு முன் வந்த கடிதங்களில் ஒன்று மட்டும் கட்டுக்குள் போகாமல் இன்னும் என் மேஜை மேலேயே கிடக்கிறது. தேனிப் பக்கத்து வாசகி ஒருவர் எழுதியது. நம் இதழில் வந்த ‘21 நாள் உணவுத் திட்ட’த்தைக் கத்தரித்துச் சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டி, மூன்று தடவை கடைப்பிடித்துப் பார்த்திருக்கிறார். முதல் தடவை நாலு கிலோ குறைந்து, ஆறே மாதத்தில் ஐந்து கிலோவாகத் திரும்பி வந்துவிட்டது. இரண்டாம் தடவை பன்னிரண்டாம் நாள் தங்கைக்கு வளைகாப்பு, அத்தோடு சரி. மூன்றாம் தடவை நாலாம் நாளே நின்றுபோயிற்று. “தப்பு என்மேல்தான், எனக்கு மன உறுதி பத்தவில்லை. நாலாவது தடவை தொடங்கலாமா மேடம்?” என்று முடித்திருந்தார்.

உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். ஒன்றரைப் பக்கம் போயிற்று. காலையில் இத்தனை நிமிடம் நடங்கள், சாப்பாட்டுக்கு முன் தண்ணீர் குடியுங்கள், சின்னத் தட்டாகப் பாருங்கள், இரவு எட்டு மணிக்குமேல் அடுப்பங்கரைப் பக்கம் போகாதீர்கள். எழுதி முடித்துப் படித்தால் எனக்கே பிடிக்கவில்லை. அந்த அம்மாள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதற்கு அந்த ஒன்றரைப் பக்கத்தில் பதிலும் இல்லை, அவரைப் பற்றி நான் கேட்ட ஒரு கேள்வியும் இல்லை. கிழித்துப் போட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கட்டுரையாளர் அந்தத் திட்டத்துக்கு வைத்திருந்த தலைப்பு வேறு. ‘21 நாள்’ என்று எண்ணைப் போட்டவள் நான். பெட்டிக்கடைக் கயிற்றில் இதழ் தொங்கும்போது எண் பளிச்சென்று தெரியும், விற்கும். விற்றது.

இந்தக் கடிதம் வந்த அதே வாரத்தில்தான் பாளையங்கோட்டையில் இருக்கும் என் சித்தியோடு ஒரு கிளினிக்குக்குப் போக நேர்ந்தது. அங்கே கண்டதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சித்திக்கு வயது 62. சுகர் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. முந்தி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே உணவு ஆலோசனை என்றால் இப்படி: கதவைத் திறந்ததும் வெயிட் மெஷின். ஏறி இறங்கியவுடன் ஒரு ‘உச்’. பிறகு அச்சடித்த டயட் சார்ட் ஒன்று, ஏற்கெனவே வாங்கிய நாலு சார்ட்டுகளோடு ஐந்தாவதாக. “சோத்தைக் குறைங்கம்மான்னு எத்தனை தடவை சொல்றது?” என்ற கேள்வி. “இனிமே குறைச்சிருதேன்” என்ற பதில். மொத்தம் ஐந்து நிமிடம். சித்தி அந்தச் சார்ட்டுகளை எல்லாம் பத்திரமாக ஃபைலில் வைத்திருக்கிறார். திருநெல்வேலிப் பக்கம் திட்டு என்று சொல்ல மாட்டார்கள், ஏச்சு என்பார்கள். “மூணு மாசத்துக்கு ஒருக்கா ஏச்சு வாங்கிட்டு வாரேன்” என்று சித்தியே சிரித்துக்கொண்டு சொல்வார்.

இந்தப் புது இடம் சின்னது. மாடிப்படிக்குக் கீழே தடுத்த ஒரு அறை. டயட்டீஷியன் பெண்ணுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வெயிட் மெஷின் இருந்தது, ஆனால் சுவரோரமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். “இன்னைக்கு எடை பார்க்கணும்னு நினைக்கிறீங்களா, வேண்டாமாம்மா?” என்று கேட்டார் அந்தப் பெண். சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். இதையெல்லாம் நம்மிடம் கேட்பார்களா என்ற பார்வை. “வேண்டாம்” என்றார். “சரிம்மா” என்று அந்தப் பெண் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்.

“உங்க ஒரு நாள் எப்படிப் போகும்னு சொல்லுங்களேன். காலைல எந்திரிச்சதுல இருந்து.”

சித்தி வழக்கமான பாடத்தை ஒப்பித்தார். ஐந்தரைக்கு எழுந்து வெந்தயத் தண்ணீர், அரை மணி நேர நடை, ஏழு மணிக்கு மாத்திரை, அப்புறம் இட்லி. “எத்தனை இட்லி?” என்று அந்தப் பெண் கேட்கவில்லை. நானாக இருந்தால் அதைத்தான் கேட்டிருப்பேன். “இட்லி சாப்பிட்டப்புறம் மத்தியானம் வரைக்கும் எப்படி இருக்கும்?” என்றார்.

சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்தப் பெண்ணும் பேசவில்லை. மேலே மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, எதையாவது சொல்லி அந்த இடைவெளியை அடைத்துவிட வேண்டும்போல் இருந்தது. நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை.

“பதினோரு மணிக்கு ஒரு மாதிரி வரும். கை நடுங்கும். வேர்த்து ஊத்தும். கண்ணு மங்கும். அந்நேரம் ஒரு துண்டு கருப்பட்டியை எடுத்து வாயில போட்டுக்கிடுவேன். பொறவும் நிக்காது. மிச்சர் டப்பா, முறுக்கு, கையில கிடைக்கிறத எல்லாம் திம்பேன். கள்ளத்தனமாத்தான். அதுக்குப் பரிகாரமா மத்தியானம் சோத்தைக் குறைச்சிருவேன்.”

“இதை இதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?”

“எப்படிச் சொல்லுவேன்? கருப்பட்டி தின்னேன்னு சொன்னா ஏசுவாவள்லா.”

விஷயம் இதுதான். சார்ட்டில் இருந்தது மூன்று இட்லி. குறைத்துத் தின்றால் இன்னும் நல்லதுதானே என்று சித்தி அதை ஒன்றாக்கிவிட்டார். ஆனால் அவர் போடுவது கணையத்தை முடுக்கி இன்சுலினைச் சுரக்க வைக்கும் வகை மாத்திரை. ஒரே ஓர் இட்லியின் மேல் அந்த மாத்திரை வேலை செய்தால் சர்க்கரை சரசரவென்று இறங்கும். 70 மில்லிகிராமுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. நடுக்கமும் வேர்வையும் அதற்கு உடம்பு அடிக்கிற மணி. வருஷக்கணக்கில் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை இந்த மணி அடித்திருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏசிய யாருக்கும் அது தெரியாது. பெறாத மகள்போல உரிமை கொண்டாடும் எனக்கும் தெரியாது.

அந்தப் பெண் என்ன சொல்வாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். “நீங்க கள்ளத்தனம் பண்ணலம்மா. வைத்தியம் பண்ணியிருக்கீங்க. அந்த நேரத்துக்கு இனிப்புதான் மருந்து. ஆளில்லாத வீட்டுல, நடுக்கத்தோட, என்ன வேணும்னு உங்க உடம்புக்குத் தெரிஞ்சிருக்கு, நீங்களும் செஞ்சிருக்கீங்க” என்றார்.

சித்தி சேலைத் தலைப்பை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஒன்பது வருஷத்தில் சாப்பாட்டு விஷயத்தில் அவரைப் பார்த்து யாரும் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

பிறகு நடந்ததைச் சுருக்கிவிடுகிறேன். டாக்டருக்கு ஒரு குறிப்பு போயிற்று. அவர் மாத்திரையின் அளவை மாற்றினார். (இதைப் படித்துவிட்டு நீங்களாக மாத்திரையைக் குறைக்காதீர்கள், நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள். சொல்லுங்கள் என்பதுதான் இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்ல வருவது.) டயட்டீஷியன் சித்தியிடம் இன்னொரு கேள்வி கேட்டார். “காலைச் சாப்பாட்டை ஒழுங்கா உட்கார்ந்து சாப்பிட முடியும்னு பத்துக்கு எத்தனை நம்பிக்கை இருக்கு உங்களுக்கு?” சித்தி அஞ்சு என்றார். அடுத்து “ஏன் பத்து சொல்லல?” என்றுதான் வரும் என்று நினைத்தேன். “ஏன் மூணு சொல்லாம அஞ்சு சொன்னீங்க?” என்று வந்தது.

“மூணா? அவ்வளவு மோசமில்ல பிள்ள. அவுக இருந்த காலத்துல நாங்க ரெண்டு பேரும் எட்டரைக்குள்ள உக்காந்து தின்னுருவோம். பழக்கந்தான. இப்பமும் நெனச்சா முடியும்.”

பார்த்தீர்களா, தன்னால் முடியும் என்பதற்கான வாதத்தைச் சித்தியே எடுத்து வைத்துவிட்டார். “ஏன் பத்து சொல்லல?” என்று கேட்டிருந்தால் முடியாது என்பதற்கான வாதத்தை அதே சரளத்தோடு அடுக்கியிருப்பார். தனியாக இருக்கிறேன், ஒருத்திக்காக யார் மாவு ஆட்டுவது, முட்டு வலி, எல்லாம் வரிசையாக வந்திருக்கும். கேள்வியில் ஒரு எண்தான் வித்தியாசம்.

வெளியே வந்ததும் அந்தப் பெண்ணிடம் இது என்ன முறை என்று கேட்டேன். ‘மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்’ என்றார். எங்கள் உதவி ஆசிரியர் இதை ‘ஊக்குவிப்பு நேர்காணல்’ என்று மொழிபெயர்த்துக் கொடுத்தார். ஏதோ அரசுத் தேர்வின் இரண்டாம் கட்டம்போல இருந்ததால் விட்டுவிட்டேன். ‘பேசவிட்டுக் கேட்பது’ என்றே வைத்துக்கொள்வோம்.

இது சாப்பாட்டுக்காகப் பிறந்ததில்லை, குடிக்காகப் பிறந்தது. வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1982இல் நார்வேயின் பெர்கன் நகருக்குப் பக்கத்தில் ஒரு குடிநோய் சிகிச்சை மையத்தில் இளம் உளவியலாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போனார். அவர்கள் நோயாளியாக நடிப்பார்கள், இவர் பேசிக் காட்டுவார். நடுநடுவே அவர்கள் நிறுத்திக் கேட்பார்கள்: இந்த இடத்தில் ஏன் இந்தக் கேள்வி? இன்னொன்று கேட்டிருக்கலாமே, ஏன் கேட்கவில்லை? அவர்களுக்குப் பதில் சொல்லப் போய்த்தான், தான் செய்வது இன்னதென்று மில்லருக்கே புலப்பட்டது. அதை 1983இல் கட்டுரையாக்கினார். பிற்பாடு ஸ்டீபன் ரோல்னிக் என்பவரோடு சேர்ந்து 1991இல் புத்தகமாக எழுதினார்; 2023இல் அதன் நான்காம் பதிப்பு வந்தது. கேட்பதைப் பற்றிய ஒரு முறையே, கேட்க ஆளிருந்ததால் உருவானது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

அந்தக் காலத்தில் குடிநோயாளியை எதிரே உட்காரவைத்து, ‘நீ குடிகாரன், ஒப்புக்கொள்’ என்று மடக்குவதுதான் அமெரிக்காவில் பெருவாரியான சிகிச்சை. மில்லரும் அவருடைய சகாக்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஆலோசகர் எவ்வளவுக்கெவ்வளவு மடக்கினாரோ அவ்வளவுக்கவ்வளவு அந்த மனிதர் ஒரு வருஷம் கழித்தும் அதிகம் குடித்துக்கொண்டிருந்தார் என்று தெரியவந்தது.

ஏன் என்பதற்கு நமக்கு ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். சுகர் இருக்கும் ஒருவர் ஜாங்கிரியைக் கையில் எடுக்கிறார். அவர் மனசுக்குள் ஏற்கெனவே இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் வேண்டாம் என்கிறார், இன்னொருவர் ஒன்றே ஒன்று என்கிறார். மதில்மேல் பூனை. இந்த நேரத்தில் நாம் குறுக்கே புகுந்து ‘வேண்டாம்’ என்று கத்தினால், அந்தப் பக்கத்து வக்கீல் வேலையை நாமே பிடுங்கிக்கொள்கிறோம். அவருக்கு மிச்சமிருப்பது ‘ஒன்றே ஒன்று’ என்ற கட்சிதான். அதற்காக அவர் வாதாடுவார். வாதாட வாதாட அதை அவரே நம்பவும் தொடங்குவார். மனிதர் தன் வாயால் சொல்லிக் கேட்டதைத்தான் நம்புகிறார். அடுத்தவர் பிழையைக் கண்ட மாத்திரத்தில் திருத்தப் பாயும் இந்தத் துடிப்புக்கு மில்லரும் ரோல்னிக்கும் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். நம் வீடுகளில் அதற்குப் பெயர் அக்கறை.

இந்த முறையை உணவு ஆலோசனைக்குக் கொண்டுவந்தவர்கள் பலர். டான் கிளிஃபோர்ட், லாரா கர்ட்டிஸ் இருவரும் 2016இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார்கள். இவர்களைப் போன்றவர்கள் கூடவே இன்னொரு முடிவையும் எடுத்தார்கள்: டயட் போட்டுத் தருவதில்லை.

டயட் இல்லாமல் டயட்டீஷியனா என்று என் கணவர் கேட்டார். உப்பில்லாமல் ஊறுகாயா என்பதுபோல. நியாயமான கேள்வி. ஆனால் தமிழில் நமக்கு ‘பத்தியம்’ என்று ஒரு சொல் இருக்கிறது, அதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மருந்து சாப்பிடும்வரை பத்தியம். பிள்ளை பெற்றவளுக்கு இத்தனை நாள் பத்தியம். சித்த வைத்தியத்தில் மருந்து முடிந்த பிறகு மறுபத்தியம் என்று சில நாள். அதோடு தீர்ந்தது, பத்தியம் முறித்துச் சாப்பிடுகிற நாளென்று ஒன்று உண்டு. டயட் அப்படியில்லை. அதற்கு ஆரம்ப தேதி மட்டும்தான். முடியும் தேதி கிடையாது, முறிகிற தேதி உண்டு. முறிந்த அன்று நாம் குற்றவாளி. அடுத்த திங்கட்கிழமை மறுபடி ஆரம்பம். நம் வாசகியின் மூன்று தடவையும் இந்தக் கணக்குதான்.

மன உறுதி பத்தவில்லை என்று எழுதியிருந்தாரே, அவருக்காக ஒரு சம்பவம். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், பட்டினியிலிருந்து மீண்டவர்களுக்கு எப்படிச் சோறு போடுவது என்று அறிய மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி ஒரு சோதனை நடத்தினார். 36 இளைஞர்கள். போரில் ஆயுதம் தூக்க மாட்டோம் என்று மனசாட்சிப்படி மறுத்து, அதற்குப் பதிலாக இதற்குத் தாங்களே முன்வந்தவர்கள். மன உறுதிக்குக் குறைவில்லாதவர்கள். 24 வாரங்களுக்கு அரைப் பட்டினி. நாளுக்குச் சுமார் 1,570 கலோரி. உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி. எடையில் கால்வாசி போய்விட்டது. அது மட்டுமா, தட்டை நக்கினார்கள். கனவில் சாப்பாடு வந்தது. அதுவரை அடுப்பங்கரைப் பக்கமே போகாத பையன்கள் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்து ராத்திரி முழுக்கப் படித்தார்கள். பட்டினி முடிந்து வேண்டிய மட்டும் சாப்பாடு கிடைத்தபோது வயிறு முட்டத் தின்றும் பசி அடங்கவில்லை என்றார்கள். இந்த ஆய்வு 1950இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. 1,570 கலோரியில் அந்த இளைஞர்களுக்கு இந்தக் கதி. எடை குறைக்க என்று நம் கைக்கு வரும் சீட்டுகளில் 1,200 கலோரி சர்வசாதாரணம். ஆக, முறுக்கு டப்பாவிடம் தோற்றுப்போனது உங்கள் மன உறுதி அல்ல அம்மா. பசி ஜெயித்தது. பசி ஜெயிக்கத்தான் செய்யும், இல்லாவிட்டால் மனித குலம் இத்தனை பஞ்சங்களைத் தாண்டி வந்திருக்காது.

கலிபோர்னியாவைச் சேர்ந்த எவ்லின் ட்ரிபோல், எலிஸ் ரெஷ் என்ற இரண்டு டயட்டீஷியன்கள் 1995இல் ‘இன்ட்யூட்டிவ் ஈட்டிங்’ என்ற நூலை எழுதினார்கள். தாங்கள் எழுதிக் கொடுத்த சார்ட்டுகளோடு போனவர்கள் எல்லாம் குறைத்த எடை மறுபடி ஏறிப்போய்த் திரும்பி வருவதைப் பார்த்துச் சலித்துப்போனவர்கள். அந்நூலில் பத்து நெறிகள். பசியை மதி என்பது இரண்டாவது. சத்து பார்த்துச் சாப்பிடு என்பது பத்தாவது. எங்கள் டயட் கட்டுரைகளில் முதல் வரியே அதுதான். முதலில் பசி, நிறைவு, சாப்பாட்டின் மேலுள்ள பயம் இவற்றைச் சரிப்படுத்திக்கொள்ளாமல் நார்ச்சத்துப் பாடம் எடுத்தால் அதுவும் இன்னொரு டயட்டாக மாறிவிடும் என்பது அவர்கள் அனுபவம்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அதைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை.

பேசவிட்டுக் கேட்பது என்பது ஒருவரை ஒரு மாற்றத்தை நோக்கி நகர்த்துகிற கலை. அப்படியானால் எந்த மாற்றம், யாருடைய மாற்றம்? எடை குறைய வேண்டும் என்று ஆலோசகர் மனசுக்குள் முடிவு கட்டிவிட்டு, இனிக்க இனிக்கக் கேட்டு, அதே முடிவுக்கு ஆளை ஓட்டிக்கொண்டு வந்தால்? ஏச்சை விட அது மோசம். ஏச்சில் நேர்மையாவது இருக்கிறது. இதை மில்லரே எச்சரிக்கிறார். ஆளை ஏய்த்துக் காரியம் சாதிக்கிற தந்திரம் அல்ல இது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். சித்தியின் டயட்டீஷியனிடம் இதைக் கேட்டேன். எடை குறையணும் என்றே ஒருவர் வந்தால் என்ன செய்வீர்கள்?

“குறைஞ்சா உங்களுக்கு என்னவெல்லாம் மாறும்னு கேட்பேன் மேடம். மாடி ஏறலாம்னு ஒருத்தர் சொல்லுவார். மக கல்யாணத்துக்குப் பழைய பட்டு ஜாக்கெட் போடலாம்னு ஒருத்தர். முட்டு வலிக்காதுன்னு ஒருத்தர். அப்புறம் அதைப் பத்தித்தான் பேசுவோம். மாடி ஏற முட்டிக்குப் பயிற்சி இருக்கு. ஜாக்கெட்டுக்குத் தையல்காரர் இருக்கார். கிலோ எத்தனை குறையும்னு நான் வாக்கு கொடுக்க மாட்டேன். கொடுத்தா நான் பொய் சொல்லுறேன்னு அர்த்தம்.”

தையல்காரரை நான் எதிர்பார்க்கவில்லை.

எடையை விட்டுவிட்டால் சுகர் எப்படிக் கட்டுப்படும் என்று கேட்பீர்கள். எடை குறைந்தால் பலருக்குச் சுகர் குறைகிறது என்பது உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் அது ஒன்றே வழி என்பதும் உண்மையில்லை. அதற்குச் சாட்சி சென்னையிலேயே இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சுகர் வருவதற்கு முந்தைய கட்டத்தில் இருந்த 531 பேரை வைத்து நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006இல் வெளியானது. நடை, சாப்பாடு பற்றிய ஆலோசனை பெற்றவர்களிடையே சுகர் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 28.5 சதவீதம் குறைந்திருந்தது. அவர்கள் எடை குறிப்பிடும்படிக் குறையவில்லை. வெயிட் மெஷின் முள் அசையாமலே உள்ளே நல்லது நடந்திருக்கிறது. முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ‘ஒன்றும் பிரயோசனமில்லை’ என்று அவர்கள் மூன்றாம் மாதமே நடையை நிறுத்தியிருக்கலாம்.

இது எல்லாவற்றுக்கும் சஞ்சீவி என்று நான் சொல்லவில்லை. சிறுநீரகம் பழுதானவருக்கு உப்பிலும் பொட்டாசியத்திலும் கணக்கு வேண்டும். சோற்றைக் கண்டாலே அஞ்சிப் பட்டினி கிடக்கும் பிள்ளைகளுக்குத் தனிச் சிகிச்சை வேண்டும். அங்கேயும் ஏசாமல் பேசலாம் என்பது மட்டும்தான் பொருந்தும்.

சரி, கற்றுக்கொண்டதை வீட்டில் பரீட்சை பண்ணிப் பார்ப்போம் என்று கணவரிடம் தொடங்கினேன். ஞாயிற்றுக்கிழமை, மூன்றாவது மெதுவடையை எடுத்தார். “இந்த வடையைப் பத்தி உங்களுக்கு என்ன தோணுது?” என்றேன். வடையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “உளுந்து கொஞ்சம் சரியா ஊறலயோன்னு தோணுது” என்றார். அதற்குமேல் பேச்சு வளரவில்லை. டயட்டீஷியனிடம் போனில் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். “நீங்க கேட்டது கேள்வி இல்ல மேடம், கேள்வி வேஷம் போட்ட ஏச்சு” என்றார். சித்தியிடம் அவர் கேட்டது பசியைப் பற்றி, பதினோரு மணியைப் பற்றி. பதில் என்னவென்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு வேண்டிய பதில் என்னிடம் ஏற்கெனவே தயாராக இருந்தது.

யோசனை சொல்லவே கூடாது என்றும் இல்லை. சித்தியிடம் அந்தப் பெண் சோற்றைப் பற்றிப் பேசத்தான் செய்தார். “சோத்தையும் காயையும் பத்தி எனக்குத் தெரிஞ்ச ஒண்ணு சொல்லட்டுமா?” என்று முதலில் அனுமதி. பிறகு இரண்டே வாக்கியம். பிறகு, “இது உங்க வீட்டுக்கு ஒத்து வருமா?” என்று திரும்பவும் கேள்வி. சித்தி யோசித்துவிட்டு, சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து அவியலைக் கூட்டிக்கொள்வதாகச் சொன்னார். அவியல் அவருக்கு உயிர். சார்ட்டில் எந்த வருஷமும் அவியல் இருந்ததில்லை, ‘காய்கறிப் பொரியல் 1 கப்’ என்றுதான் இருந்தது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிற பெண்களை நினைத்துக்கொள்கிறேன். திண்ணையில் உட்காருகிறவர்கள் அவர்கள்தான். அடுப்பில் என்ன வேகிறது என்று பார்க்கிறவர்களும் அவர்கள்தான். எந்தப் பெரிய டாக்டருக்கும் வாய்க்காத இடம் அது. ‘பதினோரு மணிக்கு எப்படி இருக்கும்?’ என்று கேட்க அதைவிடத் தோதான இடம் ஏது? ஒரு தெருவை முடிக்க அவர்களுக்கு எத்தனை மணி நேரம் கொடுத்திருக்கிறோம் என்பதையும் பார்க்கத்தான் வேண்டும். அவசரத்தில் ஏசத்தான் முடியும், கேட்க முடியாது.

மூன்று மாதம் கழித்துச் சித்தியின் சோதனை முடிவு வந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 9.1இலிருந்து 8.4 ஆகியிருந்தது. இன்னும் இறங்க வேண்டும். பதினோரு மணி நடுக்கம் அறவே நின்றிருந்தது. இந்தத் தடவை சித்தியே எடை பார்க்கிறேன் என்று மெஷினில் ஏறினார். அரைக் கிலோ கூடியிருந்தது. அந்தப் பெண் முகத்தைப் பார்த்தேன். நோட்டில் குறித்துக்கொண்டார், அவ்வளவுதான். சித்திதான், “அரைக் கிலோ ஏறிட்டு போல. ஏறட்டும். இப்பம் நடுக்கம் இல்ல, தனியா பஸ் ஏறிக் கோயிலுக்குப் போயிட்டு வாரேன்லா” என்றார்.

நம் இதழைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த இதழிலிருந்து அட்டையில் கிலோ கணக்கு வராது. ‘இத்தனை நாளில் இத்தனை கிலோ’ கட்டுரையும் வராது. நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு. விளம்பரப் பிரிவுக்கு இதில் வருத்தம்தான். அவர்களுடைய வருத்தத்தையும் குறுக்கே பேசாமல் முக்கால் மணி நேரம் கேட்டேன். சமையல் குறிப்புகள் எப்போதும்போல வரும். அதன் கீழே கலோரி போடுவதை நிறுத்துகிறோம். போடத்தான் வேண்டும் என்று நினைப்பவர்கள் எழுதுங்கள், காரணத்தோடு.

தேனி வாசகிக்கு இரண்டாவதாக ஒரு பதில் எழுதினேன். இந்தத் தடவை அரைப் பக்கம்கூட இல்லை. மூன்று தடவையும் தொடங்குவதற்கு முந்தின நாள் என்ன நடந்தது, உங்களுக்கு நினைவிருந்தால் எழுதுங்கள் என்று கேட்டிருந்தேன். இந்தப் பக்கம் அச்சுக்குப் போகிற நேரத்தில் பதில் வந்திருக்கிறது. ஒன்பது பக்கம். இரண்டு பக்கமும் எழுதி, ஓரத்திலும் சுற்றி எழுதியிருக்கிறார். மூன்று தடவையும் முந்தின நாள் அவர் யாரோ ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருக்கிறார். மூன்று தடவையும் அங்கே ஒருவர் அவர் உடம்பைப் பார்த்து ஏதோ சொல்லியிருக்கிறார். சாப்பாட்டைப் பற்றி அந்த ஒன்பது பக்கத்தில் இருப்பது நாலே வரிதான். நாலாவது தடவை தொடங்கலாமா என்று அவர் திரும்பக் கேட்கவில்லை. அந்தச் சொந்தக்காரரிடம் என்ன சொல்லலாம் என்று கேட்டிருக்கிறார்.

அன்புடன்,
ஆசிரியர்